டாலரன்ஸை ஏற்றி ஒட்டவைத்த சர்ஃபேஸ், தடிமன் கொடுக்கும்போது ஏன் உடைகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கூட்டரின் முன்பக்க பிளாஸ்டிக் பேனலுக்கு வாடிக்கையாளர் ஐஜெஸ் (IGES, வெவ்வேறு மென்பொருள்களுக்கு நடுவே வடிவத்தைப் பரிமாறும் பொது வடிவம்) ஃபைல் அனுப்பியிருக்கிறார். கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் சர்ஃபேஸ்கள் (தடிமன் இல்லாத பரப்புகள்) தனித்தனியாகக் கிடக்கின்றன. அவற்றை ஒட்டும் ஜாயின் கட்டளையைப் போட்டால் இடைவெளி இருப்பதாகச் சொல்லி நிற்கிறது. மெர்ஜிங் டிஸ்டன்ஸை, அதாவது எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற டாலரன்ஸை, 0.1 மி.மீ. வரை ஏற்றியதும் எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2.5 மி.மீ. தடிமன் கொடுத்தால் பிழை வருகிறது. விளிம்புக் குறைகளைச் சரிசெய்யும் ஹீலிங் கட்டளையில் என்ன மதிப்பு போட்டால் சரியாகும் என்பது உங்கள் கேள்வி. மதிப்புகளைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமாக உங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்று உண்டு: ஒட்டிவிட்டது என்று மென்பொருள் சொன்ன பிறகும் அந்த விளிம்புகளில் எது சரியில்லாமல் இருக்கிறது? வெளியிலிருந்து வரும் சர்ஃபேஸ் டேட்டாவைச் சரிசெய்து மோல்டு டிசைனுக்குக் கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், ஜாயின் எந்த சர்ஃபேஸையும் நகர்த்துவதில்லை. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம் நீங்கள் கொடுத்த எண்ணுக்குள் இருந்தால், இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 0.06 மி.மீ. இடைவெளி ஜாயினுக்கு முன்பும் 0.06, பின்பும் 0.06. ரைனோ மென்பொருளில் ஜாயின்எட்ஜ் கட்டளையும் இதே மாதிரிதான், அது இன்னும் பெரிய இடைவெளியைக்கூட மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதனால் திரையில் ஒரே தோல்போலத் தெரிவதை வைத்து சர்ஃபேஸ் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் பிழைக்குப் பெரும்பாலும் காரணம். விளிம்பில் இரண்டு வகைக் குறை இருக்கலாம். ஒன்று தூரம், அதாவது இடைவெளி. இன்னொன்று கோணம், அதாவது டேன்ஜென்சி பிசகு: இரண்டு பேட்ச்களும் (சர்ஃபேஸ் துண்டுகள்) தொட்டுக்கொள்கின்றன, ஆனால் ஒன்றின் செங்குத்துத் திசையும் மற்றதன் செங்குத்துத் திசையும் அரை டிகிரி, ஒரு டிகிரி விலகியிருக்கின்றன. ஜாயின் டாலரன்ஸ் பேசுவது தூரத்தை மட்டும். தடிமன் கொடுக்கும்போது நடக்கும் ஆஃப்செட்டோ ஒவ்வொரு புள்ளியையும் அதன் செங்குத்துத் திசையில் தள்ளுகிறது, அதனால் கோணம் அங்கே தூரமாக மாறிவிடுகிறது. கணக்கு எளிது: தடிமனை ரேடியனில் உள்ள கோணத்தால் பெருக்குங்கள். அரை டிகிரி என்பது 0.0087 ரேடியன். 2.5 மி.மீ. தடிமனுக்கு 0.022 மி.மீ. வரும். விளிம்பில் துளி இடைவெளிகூட இல்லாத இரண்டு பேட்ச்கள், தடிமன் கொடுத்த உடனே உள்பக்கத்தில் 0.022 மி.மீ. பிரிந்துபோகும், முறிவு எதிர்த்திசையில் இருந்தால் அதே அளவுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும். கேட்டியா வி5 வழக்கமான அளவில் 0.001 மி.மீ. வரைதான் இரண்டு புள்ளிகளை ஒன்றாகக் கருதும். 0.022 என்பது அதைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். 90 டிகிரி கூர்விளிம்பு உள்ள பெட்டியை ஆஃப்செட் செய்தால் ஒழுங்காக வருகிறதே, அரை டிகிரியில் ஏன் உடைகிறது? கூர்விளிம்பில் மென்பொருள் இரண்டு ஆஃப்செட் சர்ஃபேஸையும் நீட்டி, வெட்டும் கோட்டைக் கண்டுபிடித்து, அங்கே டிரிம் செய்துவிடும், அதாவது மிச்சத்தை வெட்டிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில் போகும்போது அந்த வெட்டுக்கோடு எங்கே என்பதே நிலையில்லாமல் போகிறது. அரை டிகிரியில் சந்திக்கும் இரண்டு சர்ஃபேஸ்களில் ஒன்று 0.001 மி.மீ. ஏறி இறங்கினால் வெட்டுக்கோடு 0.11 மி.மீ. தள்ளிப்போகும். பேட்ச் கொஞ்சம் அலையோடு இருந்தால் வெட்டுக்கோடு துண்டு துண்டாக வரும், அல்லது வராமலே போகும். ஆகவே நல்ல டேன்ஜென்ட் பிரச்சினை இல்லை, நல்ல கூர்விளிம்பும் பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் நடுவில் அரை டிகிரியிலிருந்து சில டிகிரி வரை உள்ள விளிம்புகள்தான் வேலையைக் கெடுப்பவை. நீங்கள் தேட வேண்டியதும் அவற்றைத்தான்.

அனுப்பியவர் அசிரத்தையாக வேலை செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடைவெளி என்பது சர்ஃபேஸ் மாடலிங்கின் கணிதத்திலேயே இருக்கிறது. இரண்டு திசையிலும் மூன்றாம் டிகிரி (இங்கே கோணமல்ல, சமன்பாட்டின் படி) உள்ள சாதாரண பேட்சைச் சமன்பாடாக விரித்தால் அதன் படி 18 வரை போகும். அப்படிப்பட்ட இரண்டு பேட்ச்கள் வெட்டிக்கொள்ளும் கோட்டின் படி 324 வரை போகலாம். அந்தக் கோட்டை அப்படியே சேமித்து வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அதனால் அதற்கு நெருக்கமான ஒரு எளிய வளைகோட்டை, ஸ்ப்லைனை, வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் மூன்று முறை: முப்பரிமாண வெளியில் ஒரு கோடு, முதல் பேட்சின் பாராமீட்டர் தளத்தில் (பேட்சைத் தட்டையாக விரித்த வரைபடம் மாதிரி) ஒரு கோடு, இரண்டாவது பேட்சின் தளத்தில் ஒரு கோடு. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக உட்காருவதே இல்லை. எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று வைத்திருக்கிறது. கேட்டியாவின் 0.001 மி.மீ. பற்றிச் சொன்னேன், என்எக்ஸ், சாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருள்கள் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணக்கு எஞ்சினான பாராசாலிட்டின் அளவு 0.00001 மி.மீ., நூறு மடங்கு கறார். ஒன்றில் மூடியிருந்த மாடல் இன்னொன்றில் திறந்துகொள்வது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். எதையும் தொடும் முன் அந்த ஐஜெஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் 80 எழுத்து நீளம், 73-ஆவது இடத்தில் எஸ் (S), ஜி (G), டி (D), பி (P), டி (T) என்று பகுதியின் ஆங்கில எழுத்து இருக்கும். ஜி பகுதியில், எந்த மென்பொருள் எழுதியது, அலகு என்ன, அனுப்பியவர் நினைத்த துல்லியம் எவ்வளவு என்ற மூன்றும் உண்டு. துல்லியம் 0.01 என்று இருந்தால், 0.001-இல் ஒட்டவில்லையே என்று நீங்கள் மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. அடுத்துவரும் டி (D) பகுதியில் வரிகள் ஒரு எண்ணோடு தொடங்கும். 144 மட்டுமே இருந்தால் டிரிம் செய்த சர்ஃபேஸ்கள் தனித்தனியாக வந்திருக்கின்றன, எதற்கு எது பக்கத்து வீடு என்ற தகவலே ஃபைலில் இல்லை. 186 இருந்தால் சாலிடாகவே (மூடிய திட வடிவமாகவே) அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் இம்போர்ட் அமைப்பில்தான் ஏதோ பிசகு. இன்னொன்றும் இருக்கிறது: 144 வகையில் ஒவ்வொரு டிரிம் விளிம்பும் முப்பரிமாணக் கோடாகவும் பாராமீட்டர் கோடாகவும் இரண்டு முறை இருக்கலாம். பல மென்பொருள்களில் இம்போர்ட் செய்யும்போது எதை நம்புவது என்று தேர்வு செய்ய வழி உண்டு. அதை மாற்றி மறுபடி இம்போர்ட் செய்தால் சில நேரம் பாதிக் கோளாறு தானாகப் போய்விடும்.

அப்புறம், வாடிக்கையாளரிடம் ஸ்டெப் (STEP, இன்னொரு பொதுப் பரிமாற்ற வடிவம்) ஃபைல் கேளுங்கள். அவர் பயன்படுத்துவது பாராசாலிட் அடிப்படையிலான மென்பொருள் என்றால் பாராசாலிட் ஃபைலும் கேளுங்கள். ஐஜெஸ் 1980-இல் பிறந்த வடிவம், கடைசிப் பதிப்பு 1996-இல் வந்தது. ஸ்டெப்பில் முகங்களின் உறவும் சேர்ந்தே வரும். கேட்கத் தயங்கி, ஒரு மின்னஞ்சலில் தீரக்கூடிய வேலைக்கு நாள் முழுக்க ஃபில் (ஓட்டையைப் புதிய சர்ஃபேஸால் அடைக்கும் கட்டளை) போட்டுக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் தன் மாடலிலேயே இடைவெளி வைத்திருந்தால் மட்டும் எந்த வடிவத்தில் வாங்கினாலும் அது இருக்கும்.

புதிய ஃபைலிலும் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெர்ஜிங் டிஸ்டன்ஸை 0.001-க்கே இறக்கி ஜாயின் போடுங்கள். கனெக்ஷன் சரிபார்ப்பை அணைத்துவிட்டுப் போட்டால், எது ஒட்டவில்லையோ அது திறந்த விளிம்பாகத் தெரியும். இதுதான் உங்கள் வேலைப்பட்டியல். டாலரன்ஸை ஏற்றி ஒட்டியபோது இந்தப் பட்டியலைத்தான் உங்கள் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டீர்கள். பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது இரட்டை சர்ஃபேஸ்: ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. இதற்கு ஹீலிங் எதுவும் செய்யாது, ஒன்றை அழிக்க வேண்டும், அவ்வளவே. அடுத்து சில்லுகள்: 0.02 மி.மீ. அகலமும் 30 மி.மீ. நீளமும் உள்ள கத்தி மாதிரியான முகங்கள். யாரோ முன்பு ஒரு இடைவெளியை அப்படி அடைத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் எதைச் செய்தாலும் சொதப்பும். அழித்துவிட்டு இரண்டு பக்கத்துப் பேட்ச்களை நேரடியாகச் சந்திக்க விடுங்கள்.

பிறகு விளிம்புகளை அளக்கும் கனெக்ட் செக்கர் கருவி. மூன்று எண் கொடுக்கும்: தூரம் மி.மீ.யில், டேன்ஜென்சி டிகிரியில், வளைவு சதவீதத்தில். உங்களுக்கு இப்போது முதல் இரண்டு போதும். டேன்ஜென்சி எண்ணைப் பார்த்து விளிம்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். 0.1 டிகிரிக்குக் கீழே இருப்பவற்றை விட்டுவிடலாம், 2.5 மி.மீ. தடிமனில் அது வெறும் 0.004 மி.மீ. பல டிகிரிக்கு மேல் இருப்பவை பெரும்பாலும் அழகுக்காக வேண்டுமென்றே வைத்த மடிப்புக் கோடு, அதாவது கேரக்டர் லைன், தொடாதீர்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: வடிவமைத்தவர் இங்கே வழுவழுப்பாகப் போக நினைத்தாரா, அல்லது மடிப்பு வைக்க நினைத்தாரா? அந்தப் பதிலை எந்தக் கட்டளையும் சொல்லாது. சர்ஃபேஸில் வரிகள் பிரதிபலிப்பதுபோலக் காட்டும் ஜீப்ரா கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். விளிம்பில் கோடுகளே விட்டுப்போனால் டேன்ஜென்சி இல்லை. கோடுகள் சேர்ந்து ஆனால் அங்கே முறிந்து திரும்பினால் டேன்ஜென்ட் இருக்கிறது, வளைவு ஒத்துப்போகவில்லை. நழுவிப் போனால் வளைவும் சரி.

இடைவெளியைச் சரிசெய்ய ஃபில் போடுவதுதான் முதலில் எல்லார் கையும் போகும் இடம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு பேட்ச்களின் டிரிம்மையும் எடுத்துவிட்டு அடியில் இருக்கும் முழு சர்ஃபேஸைப் பாருங்கள். பெரும்பாலும் அடி சர்ஃபேஸ்கள் ஒன்றையொன்று தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், டிரிம் கோடுகள் மட்டும்தான் சரியாக உட்காராமல் இருக்கும். அப்படியானால் இரண்டையும் வெட்டவிட்டு, புதிய வெட்டுக்கோட்டில் திரும்ப டிரிம் செய்யுங்கள். உங்கள் மென்பொருளே போட்ட கோடு, அதன் சொந்த டாலரன்ஸுக்குள் இருக்கும். அடி சர்ஃபேஸ் எட்டவில்லை என்றால் சிறிது நீட்டுங்கள். நீட்டுவது ஓரிரு மி.மீ.க்குள் இருக்கட்டும், உயர் டிகிரி பேட்சை நிறைய நீட்டினால் முனையில் சுருண்டுகொள்ளும். ஃபில்லெட் (விளிம்பை உருட்டிய வளைவு) இருக்கும் இடத்தில் இடைவெளி என்றால் வந்த ஃபில்லெட்டை அழித்து, அடிச் சுவர்கள் இரண்டையும் சேர்த்து, அதே ஆரத்தில் நீங்களே புதிதாகப் போடுங்கள். வந்ததை ஒட்டுப்போடுவதைவிட அது வேகம், சுத்தம்.

டேன்ஜென்சியைச் சரிசெய்யும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேட்ச்கள் நர்ப்ஸ் வகை, கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் வலையால் வடிவம் பெறுபவை; விளிம்பு எங்கே இருக்கும் என்பதை கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் கடைசி வரிசை தீர்மானிக்கிறது. டேன்ஜென்சியைத் தீர்மானிப்பது கடைசி இரண்டு வரிசை, வளைவை மூன்று வரிசை. மூன்றாம் டிகிரி பேட்சில் ஒரு திசைக்கு நான்கு வரிசைதான். இரு எதிர் விளிம்பிலும் டேன்ஜென்ட் கேட்டால் நான்கும் தீர்ந்துவிடும். இரு பக்கமும் வளைவுத் தொடர்ச்சி வேண்டும் என்றால் ஆறு வரிசை, அதாவது ஐந்தாம் டிகிரி வேண்டும். கார், பைக் வெளித்தோல் வேலையில் ஐந்தாம் டிகிரி பேட்ச்கள் இவ்வளவு புழங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு பேட்சின் விளிம்பைப் பக்கத்துப் பேட்சோடு பொருத்தும் மேட்ச் கட்டளை போட்டதும் எதிர்ப்பக்க விளிம்பு கெட்டுப்போகிறது என்றால், பேட்சில் இடம் போதவில்லை என்று அர்த்தம். டிகிரியை ஏற்றிவிட்டு மறுபடி போடுங்கள். டிரிம் செய்த விளிம்பில் இந்த வழி செல்லாது, ஏனென்றால் அந்த விளிம்பில் கட்டுப்பாட்டுப் புள்ளி வரிசையே இல்லை. அங்கே விளிம்பிலிருந்து இரு பக்கமும் சில மி.மீ. வெட்டியெடுத்துவிட்டு, நடுவில் டேன்ஜென்ட் பிளெண்ட் (இரண்டையும் இணைக்கும் புதிய சர்ஃபேஸ்) போடுவதுதான் நடைமுறை.

ஃபில்லுக்கும் ஒரு எல்லை உண்டு. நாலு பக்க ஓட்டையில் நாலு பக்கமும் டேன்ஜென்ட் கேட்கிறீர்கள். ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு பக்கத்துப் பேட்ச்களும் அந்த மூலைப் புள்ளியில் ஒரே தொடுதளத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்றால், அந்த மூலையில் இரண்டு பக்கமும் டேன்ஜென்டாக இருக்கும் சர்ஃபேஸ் என்று ஒன்று கணிதத்திலேயே கிடையாது. மென்பொருள் பிழை காட்டும், அல்லது சத்தமில்லாமல் ஒரு சுருக்கத்தோடு எதையோ கொடுக்கும். அப்போது ஃபில்லோடு போராடாமல் பக்கத்துப் பேட்ச்களை முதலில் சரிசெய்யுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட ஹீலிங். இது ஜாயின் மாதிரி இல்லை, சர்ஃபேஸை உண்மையிலேயே வளைக்கும். மேலே சொன்னதெல்லாம் முடிந்து, சிறிய குறைகள் பரவலாக மிச்சமிருக்கும்போது இதைப் போடுங்கள். மெர்ஜிங் டிஸ்டன்ஸ்: கனெக்ட் செக்கரில் வந்த மிகப் பெரிய இடைவெளியைவிடக் கொஞ்சம் அதிகம், 0.06 என்றால் 0.07. டிஸ்டன்ஸ் அப்ஜெக்டிவ்: 0.001. கன்டினியூயிட்டியை டேன்ஜென்ட் என்று மாற்றி, டேன்ஜென்சி ஆங்கிளை, வழுவழுப்பாக இருக்க வேண்டிய விளிம்புகளில் மோசமான ஒன்றைவிடச் சற்று மேலே வையுங்கள். அது முதலில் 0.5 டிகிரியில் இருக்கும், உங்கள் விளிம்பு 0.8 டிகிரி என்றால் ஹீலிங் அதை வேண்டுமென்றே வைத்த மடிப்பு என்று நினைத்து விட்டுவிடும். நிறையப் பேர் ஹீலிங் வேலை செய்யவில்லை என்று சொல்வது இந்த இடத்தில்தான். அப்படியே ஃப்ரீஸ் பகுதியில் ஹெட்லாம்ப் பொருந்தும் விளிம்பு, ஸ்க்ரூ பாஸ் (திருகு இறங்கும் தண்டு) உட்காரும் தளம் போன்றவற்றைச் சேருங்கள், அவை அசையக் கூடாது. காக்க வேண்டிய கேரக்டர் லைனை ஷார்ப்னஸ் பகுதியில் கொடுங்கள். மொத்த மாடலையும் ஒரே ஹீலிங்கில் போடாமல், பகுதி பகுதியாகச் செய்தால் எங்கே உடைந்தது என்று தெரியும்.

எல்லா இடைவெளியையும் சரிசெய்துதான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. அந்த சர்ஃபேஸ் எதற்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 6 மி.மீ. விட்டமுள்ள, முனை உருண்டையான பால்நோஸ் கட்டர் 0.1 மி.மீ. அகல இடைவெளிக்கு மேல் போகும்போது எவ்வளவு உள்ளே இறங்கும் என்று கணக்குப் போட்டால் 0.0004 மி.மீ., ஒரு மைக்ரானில் பாதிகூட இல்லை. அரை மி.மீ. இடைவெளிக்கே 0.01 மி.மீ.தான். மில்லிங் பாதை மட்டும்தான் தேவை என்றால் அதை விட்டுவிடலாம். சாலிட் ஆக்க வேண்டும், மோல்டின் இரு பாதிகளான கோர், கேவிட்டி பிரிக்க வேண்டும் என்றால் விட முடியாது. டேன்ஜென்சி விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எத்தனை டிகிரி முறிவு கண்ணுக்குத் தெரியும் என்பது பளபளப்பு, நிறம், அந்த இடத்தின் வளைவு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். டெக்ஸ்சர் போட்ட கறுப்புப் பேனலில் யாரும் கவனிக்காத முறிவு, பெயின்ட் அடித்த வெளித்தோலில் கோடாகத் தெரியும். அதற்குப் பொதுவான ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் தர அளவுகோல் என்னவோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஃபைலைப் பார்க்காமல் பேசுவதால் இன்னொரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். டேன்ஜென்சி எல்லாம் சுத்தமாக இருந்தும் தடிமன் கொடுக்க முடியாமல் போகலாம். வெளிப்பக்கம் 2 மி.மீ. ஆர ஃபில்லெட் இருந்து, உள்பக்கமாக 2.5 மி.மீ. ஆஃப்செட் கேட்டால் ஆரம் மைனஸில் போய் சர்ஃபேஸ் தன்மேலேயே மடங்கும். இதை எந்த ஹீலிங்காலும் தீர்க்க முடியாது. முக்கோணமாகக் குறுகி ஒரு புள்ளியில் முடியும் பேட்ச்களும் இப்படித்தான், அந்தப் புள்ளியில் செங்குத்துத் திசையே தெளிவாக இருக்காது. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஜாயினை விட்டுவிட்டு ஒவ்வொரு பேட்சையும் தனியாக 2.5 ஆஃப்செட் செய்து பாருங்கள். தனியாகவே விழும் பேட்ச் என்றால் ஆரம் அல்லது குறுகிய முனை காரணம். அங்கே ஃபில்லெட்டை எடுத்துவிட்டு, கூர்விளிம்பாகத் தடிமன் கொடுத்து, பிறகு ஃபில்லெட் போடுங்கள். தனியாக எல்லாம் வந்து, சேர்த்தால் மட்டும் விழுகிறது என்றால் விளிம்புதான் காரணம். பாதிப் பாதியாகப் பிரித்து ஜாயின் செய்து ஆஃப்செட் போட்டுப் பார்த்தால் நூறு பேட்ச் உள்ள மாடலிலும் சீக்கிரம் அந்த விளிம்பில் போய் நிற்பீர்கள்.

முடித்ததும், சரிசெய்த சர்ஃபேஸுக்கும் வந்த சர்ஃபேஸுக்கும் நடுவே டீவியேஷன் (விலகல் ஒப்பீடு) ஓட்டி, அதிகபட்ச விலகல் எங்கே, எவ்வளவு என்று வண்ணப் படத்தோடு வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு ஸ்டீலை வெட்டக் கொடுங்கள். நடுக் குவியலில் மடிப்பா வழுவழுப்பா என்று நீங்கள் முடிவெடுத்த விளிம்புகளையும் அதே மின்னஞ்சலில் குறித்துக் காட்டிவிடுங்கள்.